பரிசல்காரனின் பதினாறாம் நாள் பாட்டு

மருதையனைச் செவ்வந்தியப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, மருதையன் துடுப்பின் கைப்பிடியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான்.

கொள்ளிடத்துக்குப் பாலம் வராத காலம். மருதையன் பரிசல் ஓட்டுகிறவன். செவ்வந்தியப்பன் தையல்காரன். அக்கரையில் ஒரு கல்யாண வீட்டில் அளவெடுக்க வேண்டியிருந்தது. காலையில் அவனை அக்கரையில் இறக்கிவிட்டு, மருதையன் மணலில் கால் நீட்டி உட்கார்ந்தான்.

"ஓய் தையலு, நீ தைச்ச சட்டை முதுகுல குத்துது. உள்ள கருவேல முள்ளு வச்சுத் தைச்சியா?"

"சட்டை குத்தல. உன் தோலு குத்துது."

மருதையன் சிரித்தான். தூக்குச்சட்டியைத் திறந்து, பழைய சோற்றுக்கு வெங்காயம் கடித்தான்.

"சரி, வேலையை முடிச்சுட்டு வந்து சேரு. கல்யாண வீட்டுல கத்திரிக்கோல் இருந்தா வாங்கிட்டு வா. இந்தக் காலரை வெட்டி ஆத்துல விட்டுடறேன்."

அவ்வளவுதான்.

நண்பகலில் மார்பைப் பிடித்துக்கொண்டு பரிசல் நிழலில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. செவ்வந்தியப்பன் திரும்பி வந்தபோது துறையில் கூட்டம் நின்றது.

*

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரைக் கடைசியாக உயிரோடு பார்த்துப் பேசியவர் யாரோ, அவர்தான் பதினாறாம் நாள் அந்த வீட்டில் கதைப்பாட்டுப் பாட வேண்டும். கடைசியாகப் பார்த்ததைப் பாட்டில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனபோது, மருதையன் மனைவி செல்லாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, நான் அன்னிக்கு எங்க அண்ணன் ஊருக்குப் போயிருந்தேன். அவரு காலையில எழுந்ததைக்கூட பாக்கல. நீங்கதான் பாத்திருக்கீங்க."

"ஆமா தங்கச்சி."

"பாட்டுல அவரை எனக்குக் காட்டிடுங்க. அது போதும் எனக்கு."

"காட்டிடறேன்" என்றான்.

வீடு வரும் வழியெல்லாம் துடுப்பும் முதுகும் கண் முன்னால் வந்தன. அதை எப்படிப் பாடுவது? மருதையன் இந்த உலகத்தில் கடைசியாகக் குறை சொன்னது தன் தையலைப் பற்றி. அதை எப்படிச் சபையில் சொல்வது?

சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தான்.

*

ஆற்றங்கரை மடத்துக் கூடத்தில் திலகவதி என்ற அம்மா பாட்டுக் கட்டச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு வயது முப்பத்து மூன்று. சீடர்கள் மூவரும் அவரைவிடப் பெரியவர்கள். ஒருவன் செவ்வந்தியப்பன். ஒருவர் கோயில் ஓதுவார் ஆபத்சகாயம். ஒருத்தி மருத்துவச்சி குருவம்மாள். சுற்றுப்பட்டில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவள்.

அங்கே பாடம் நடக்கும் முறை இது. பாட்டை மூன்று முறை படிக்க வேண்டும். கேட்பவர்கள் பேசக்கூடாது. ஒரு சொல் உறுத்தினால், படிப்பவர் முன்னால் ஒரு புளியங்கொட்டை வைக்கலாம். காரணத்தை மூன்றாம் முறை முடிந்த பிறகே சொல்ல வேண்டும்.

செவ்வந்தியப்பன் படித்தான்.

காலை வெயிலில் பரிசல் ஓரம்
கையை உயர்த்தி நின்றான் மருதையன்.

ஓதுவார் இரண்டு கொட்டை வைத்தார். குருவம்மாள் ஒன்று வைத்தாள். மூன்று முறை முடிந்தது.

"காலை எதற்கு?" என்றார் ஓதுவார். "இது இரங்கல் பாட்டு. காலை என்றால் கேட்பவர் மனம் விரிந்துவிடும். அந்தி என்று வையுங்கள். மனம் தானாகக் குவியும்."

"காலையிலதானே பாத்தேன்?"

"நீங்கள் பார்த்தது வேறு. பாட்டின் சுவை வேறு. அடுத்தது பரிசல். மாட்டுத்தோல் நாற்றம் அடிக்கிற சொல். தோணி என்றால் மிதக்கும்."

குருவம்மாள் தன் கொட்டையை விரலால் தட்டினாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். எதுக்குக் கையைத் தூக்கினாரு?"

செவ்வந்தியப்பன் நோட்டைப் பார்த்தான்.

"விடை கொடுக்க."

"மருதையனா? கட்டின பொண்டாட்டி ஊருக்குப் போனாலே திரும்பிப் பாக்காத ஆளு."

"அன்னிக்குத் தூக்கினாரு."

"சரி, நீ பாத்தே" என்று கொட்டையை எடுத்துக்கொண்டாள்.

திலகவதி விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாட்டில் காலை அந்தியாயிற்று. அதற்கு மறுநாள் பரிசல் தோணியாயிற்று. எட்டாம் நாள் அவன் படித்த பாட்டு இது.

அந்திச் சூரியன் அழுது மறைய
அலைகள் எல்லாம் அடங்கிக் கிடக்க
தோணித் தலைவன் தூரம் நோக்கித்
துயரக் கரத்தை உயர்த்தி நின்றான்.

இப்படி நாற்பது அடி.

மூன்று முறை படித்து முடித்தான். தரையில் ஒரு கொட்டைகூட இல்லை. ஓதுவார் துண்டால் கண்ணைத் துடைத்தார். குருவம்மாள் வாயைக் கோணிக்கொண்டாள். ஆனால் கொட்டை வைக்கவில்லை.

"அம்மா, ஒரு கொட்டையும் விழலை" என்றான் செவ்வந்தியப்பன்.

"நல்லது" என்றார் திலகவதி. "நாளை மறுநாள் கொன்றைக்குடியில் ஒரு பதினாறாம் நாள். கடைசியாகப் பார்த்தவர் பல் இல்லாத பங்காளி. அவருக்குப் பாட வராதாம். ஆள் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் போய் இதைப் பாடிவிட்டு வாருங்கள்."

"இதையா?"

"இதையேதான். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். செத்தவர் பெயர் பெரியண்ணன்."

"அவரும் பரிசல் ஓட்டினவரா அம்மா?"

"இல்லை. எண்ணெய்ச் செக்கு ஓட்டியவர்."

"தோணின்னு வருதே?"

"இருக்கட்டும்."

*

செவ்வந்தியப்பன் கொன்றைக்குடிக்குப் போனான்.

முதல் நாலடியிலேயே பெண்கள் அழத் தொடங்கினார்கள். பத்தாம் அடியில் ஆண்கள். நாற்பதாம் அடி முடிந்தபோது பெரியண்ணன் மகன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"எங்க ஐயாவை அப்படியே கொண்டாந்து நிறுத்திட்டீங்க. தோணியில நின்னு கையைத் தூக்கினாரு பாருங்க, நேர்ல பாத்தாப்ல இருந்துச்சு."

"ஐயா தோணியில போவாருங்களா?" என்று கேட்டான்.

"எங்கங்க? தண்ணின்னாலே அவருக்குப் பயம். ஆத்துப் பக்கம் தலை வச்சுப் படுத்ததில்லை."

ஒரு கரை வேட்டியும் ஒரு கலயம் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள்.

வரப்பில் நடந்து வரும்போது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பது பேர் அழுதார்கள். ஒருவர் பாக்கியில்லை. தையல் மெஷின் மிதிக்கிறவன். அவன் கட்டிய பாட்டுக்கு ஒரு ஊரே அழுதது.

ஆலமரத்தடியில் கலயத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

இன்னும் ஆறு நாளில் இதே பாட்டைச் செல்லாயி கேட்பாள். அவளும் அழுவாள். நன்றாக அழுவாள்.

யாருக்காக அழுவாள்?

அதற்குப் பிறகு அவனால் வேகமாக நடக்க முடியவில்லை. துறையில் மருதையன் இடத்தில் வேறொருவன் பரிசல் தள்ளினான். செவ்வந்தியப்பன் மடியில் கலயத்தை வைத்துக்கொண்டு கரை வரும்வரை உட்கார்ந்திருந்தான்.

*

பன்னிரண்டாம் நாள்தான் மடத்துக்கு வந்தான். கலயத்தைத் திலகவதி முன்னால் வைத்தான்.

"அழுதாங்க அம்மா."

"உம்."

"எல்லாரும் அழுதாங்க."

"நல்ல பாட்டுதான்."

"அம்மா, அவங்களுக்கும் அது சரியா இருந்துச்சு."

திலகவதி கலயத்தின் வாய்த்துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்தார்.

"சுத்தமான எண்ணெய். செக்குக்காரர் வீடு இல்லையா" என்றார். பிறகு கேட்டார், "மருதையன் எதற்குக் கையைத் தூக்கினார்?"



"சொறியறதுக்கு" என்றான் செவ்வந்தியப்பன்.

"எதை?" என்றார் ஓதுவார்.

"முதுகை. துடுப்புக் கைப்பிடியால. நான் தைச்ச சட்டை குத்துதுன்னு."

குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கடைசியில் பொத்தியும் பயனில்லை.

"அதானே பாத்தேன்" என்றாள். "விடை கொடுத்தாராம் விடை. எம்மா, இத்தனை நாளா எனக்கு அதே உறுத்தல்."

செவ்வந்தியப்பன் எல்லாவற்றையும் சொன்னான். கருவேல முள், வெங்காயம், கத்திரிக்கோல், காலர். சொல்லி முடித்தபோது காது சிவந்திருந்தது.

"இதைப் பாட முடியாது" என்றார் ஓதுவார். அவர் குரலில் கோபம் இல்லை; கவலை இருந்தது. "தையல்காரரே, யோசியுங்கள். பதினாறாம் நாள். தாலி கழற்றிய பெண் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவள் முன்னால் முதுகு சொறிந்த கதையா? துக்கத்துக்குள் சிரிப்பு வந்தால் பாட்டு உடைந்துபோகும்."

"ஏன் உடையணும்?" என்றாள் குருவம்மாள். "புள்ளை பொறக்கிற அறையில அலறலும் இருக்கும், சிரிப்பும் இருக்கும். அறை உடைஞ்சா போகுது?"

"அது அறை. இது பாட்டு."

"நீங்க ரெண்டுக்குள்ளயும் சரியாப் போனதில்லை ஓதுவாரே."

ஓதுவாரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, வைத்தாலும் சொறிந்தான் என்று வேண்டாம். வருடினான் என்று வையுங்கள். மென்மையாக இருக்கும்."

"வருடினா அது பூனைக்குட்டி" என்றாள் குருவம்மாள். "மருதையன் எருமை மரத்துல ஒரசுறாப்ல ஒரசுவாரு."

"உரசினான்?"

"ஒரசினா தீப்பெட்டி."

"தேய்த்தான்?"

"தேய்ச்சா பாத்திரம்."

இருவரும் செவ்வந்தியப்பனைப் பார்த்தார்கள்.

"சொறிஞ்சாரு" என்றான் அவன். "வறட்டு வறட்டுன்னு சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

அன்று மாலையே நாற்பது அடியையும் அடித்துவிட்டு எழுதினான். ஒன்பது அடிதான் வந்தது. படித்தபோது கொட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. சட்டைக்கு ஒன்று. வெங்காயத்துக்கு ஒன்று. தோலுக்கு இரண்டு. குருவம்மாளும் விடவில்லை, வெயில் எப்படி அடித்தது என்று சொல்லாததற்கு ஒன்று வைத்தாள்.

மூன்றாம் முறை முடிந்தது. ஓதுவார் காரணம் சொல்ல வாயைத் திறந்தார்.

திலகவதி எழுந்து வந்தார். கொட்டைகளை எல்லாம் ஒரு கையால் வாரி எடுத்து, குருவம்மாள் மடியில் போட்டார்.

"பல்லாங்குழி ஆடுங்கள்" என்றார்.

ஓதுவார் வாயை மூடிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தையல்காரரே, நாள் முழுதும் கேட்டேன். ஒரு சொல்லாவது எனக்கு விடுங்களேன். மருதையன் பேச்சை 'ஓய் தையலு' என்று தொடங்க வேண்டாம். 'நண்பா' என்று தொடங்குங்கள். அந்த ஓரிடத்திலாவது கேட்பவருக்கு மனம் நெகிழட்டும்."

அவர் கேட்ட விதத்தில் செவ்வந்தியப்பனுக்கு மறுக்க மனம் வரவில்லை. 'நண்பா' என்று மாற்றிக்கொண்டான்.

போகும்போது திலகவதியிடம் கேட்டான்.

"அம்மா, செல்லாயி தப்பா எடுத்துக்கிட்டா?"

"எடுத்துக்கொள்ளலாம்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"எண்ணெயை எடுத்துக்கொண்டு போங்கள். அது உங்களுடையது இல்லை. கொன்றைக்குடியில் கொடுத்துவிடுங்கள்."

*

பதினாறாம் நாள். மருதையன் வீட்டுப் பந்தலில் உறவெல்லாம் உட்கார்ந்திருந்தது. பின்கட்டில் வடை சுடும் சத்தம். ஓதுவாரும் குருவம்மாளும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். செல்லாயி கதவை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

செவ்வந்தியப்பன் எழுந்து நின்று பாடினான்.

காலை வெயிலிலே பரிசல் ஓரத்திலே
கால்நீட்டி உட்கார்ந்தான் மருதையன்.
துடுப்புக் கைப்பிடியால் முதுகைச் சொறிந்தான்,
துணிகிழியும் சத்தம்போல் கேட்டது.
'நண்பா, நீ தைத்த சட்டை முதுகிலே
நாள்முழுக்கக் குத்துது, முள்ளா?' என்றான்.
'சட்டை குத்தலே, உன் தோல்தான்' என்றேன்.
சிரித்தான். வெங்காயம் கடித்தான்.
'வந்துசேர், கையிலே கத்தரி கொண்டுவா' என்றான்.

முடிந்தது.

பந்தலில் யாரும் அழவில்லை. இவ்வளவுதானா என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செல்லாயியின் அண்ணன் தாண்டவன் துண்டை உதறித் தோளில் போட்டார். அது நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை.

செவ்வந்தியப்பனுக்குக் கிழிந்த துணியைச் சபை நடுவே பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

"அண்ணே" என்றாள் செல்லாயி.

"சொல்லு தங்கச்சி."

"நண்பான்னா கூப்பிட்டாரு?"

ஓதுவார் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்ல."

"அதானே. அவரு யாரை நண்பான்னு கூப்பிட்டாரு. என்னன்னு கூப்பிட்டாரு?"

"ஓய் தையலுன்னாரு."

"அப்படிப் பாடுங்க."

அவன் அந்த அடியை மறுபடி பாடினான். 'ஓய் தையலு' என்றதும் செல்லாயியின் முகம் அசைந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நின்றதுபோல் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

"வெங்காயம் சின்னதா, பெரிசா?"

"சின்னது. தோலோட கடிச்சாரு."

"தோலோடதான் கடிப்பாரு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றாள். அவள் உதடு விரிந்தது. பிறகு கண் நிறைந்தது. பிறகு இரண்டும் ஒன்றாக இருந்தன.

தாண்டவன் தொண்டையைக் கனைத்தார்.

"பாட்டுல தப்பு இருக்கு" என்றார்.

செவ்வந்தியப்பன் கை கூப்பப் போனான்.

"காலை நீட்டி உக்காந்தாருங்கறீங்க. ஒரு காலைத்தான் நீட்டுவாரு மச்சான். இன்னொன்னை மடக்கிக்குவாரு. எங்க வீட்டுக் கல்யாணத்துல அந்த நீட்டின கால்ல தடுக்கித்தான் சம்பந்தி விழுந்தாரு."

பந்தலில் முதல் சிரிப்பு எழுந்தது.

"சட்டையைப் பத்தி என்கிட்டயும் சொன்னாரு" என்றார் பின்வரிசையில் ஒருவர். "தையல்காரன் என்மேல ஏதோ பகையில தைச்சிருக்கான்னாரு."

"இனிமே உம்மகிட்ட யாருய்யா துணி குடுப்பா?" என்றார் இன்னொருவர் செவ்வந்தியப்பனைப் பார்த்து.

"சிரித்தான்னு சும்மா சொல்லிட்டுப் போறீங்களே. அவரு சிரிப்புக்கு முன்னால ஒரு இருமல் வருமே, அது எங்க?"

"இருமல் இல்லய்யா அது. கனைப்பு."

"கனைப்புக் குதிரைக்கு. இருமல்தான்."

"ரெண்டும் இல்ல" என்றாள் செல்லாயி. பந்தல் அடங்கியது. "மொதல்ல மூக்கால ஒரு காத்து விடுவாரு. அப்புறம்தான் சிரிப்பு. அதுக்கு ஒரு சொல்லு போடுங்க."

எல்லோரும் யோசித்தார்கள். ஓதுவாரும் யோசித்தார். பத்துச் சொற்களாவது வந்தன. ஒவ்வொன்றையும் செல்லாயி தலையசைத்து ஒதுக்கினாள். குருவம்மாள், மடத்துப் பாடமே அங்கு இடம் மாறி வந்துவிட்டதைப் போலச் சுற்றிலும் பார்த்தாள். பின்கட்டிலிருந்து வடைக்காரர் கரண்டியோடு வந்து நின்று, பரிசலில் ஒருமுறை மருதையன் தன்னை நட்டாற்றில் வைத்துக் கேட்ட கேள்வி ஒன்றைச் சொன்னார். அதையும் சேர்க்க வேண்டும் என்றார்கள். இலையில் போட்ட சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எழவில்லை.

"அண்ணே, மொதல்லருந்து பாடுங்க" என்றாள் செல்லாயி. "மெதுவா. நானும் வரேன்."

*

மறுநாள் செவ்வந்தியப்பன் மடத்துக்குப் போனான்.

"பாட்டு முடியலை அம்மா" என்றான்.

"யாரிடம் இருக்கிறது?"

"செல்லாயிகிட்ட."

திலகவதி தலையசைத்துவிட்டு, ஓதுவாரை அவருடைய பாட்டைப் படிக்கச் சொன்னார்.

அந்தப் பாட்டு இப்போது நூற்றுப் பதினெட்டு அடி. அவற்றில் செவ்வந்தியப்பன் கட்டியவை ஒன்பது.